குதிரை மேலிருந்து பள்ளத்தாக்கை வரைந்த ஆசிரியர்: ஜெடிடையா ஹாட்ச்கிஸ்

மாணவர்களே, புவியியல் பாடநூலில் நிலவரைபடம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஆறு நீல நிறத்தில் வளைந்து செல்லும், சாலை சிவப்புக் கோடாக ஓடும், மலை இருக்குமிடத்தில் கோடுகள் நெருங்கி நிற்கும். தேர்வில் அளவுத்திட்டத்தைக் கேட்டால் விடை எழுதிவிடுவோம். ஆனால் அந்த ஆற்றின் ஒவ்வொரு வளைவையும் யாரோ ஒருவர் நேரில் சென்று பார்த்துத்தான் வரைந்திருக்கிறார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

விமானமும் துணைக்கோளும் இல்லாத காலத்தில் ஒரு மலைநாட்டை முழுமையாக வரைய வேண்டுமென்றால் அதை நடந்தோ குதிரையேறியோதான் அளக்க வேண்டும். அப்படி அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளுக்கு இடையே கிடந்த பள்ளத்தாக்குகளையும், அங்கிருந்த சிற்றூர்களையும், ஒதுக்குப்புறமான பண்ணை வீடுகளையும் ஒன்றொன்றாக வரைந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயர் ஜெடிடையா ஹாட்ச்கிஸ். நில அளவையை அவர் எந்தக் கல்லூரியிலும் கற்றதில்லை. இருந்தும் அமெரிக்க உள்நாட்டுப் போரின் வரைபடங்களைப் பற்றிப் பேசும் எவரும் அவர் பெயரைச் சொல்லாமல் கடந்து செல்ல முடியாது.

நடந்தே வந்த இளைஞர்

ஹாட்ச்கிஸ் 1828ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் வின்ட்சர் என்னும் ஊரில் பிறந்தார். சொந்த ஊரிலேயே பள்ளிப் படிப்பை முடித்தார். பின்னர் பென்சில்வேனியா மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த லைக்கன்ஸ் பள்ளத்தாக்கில் ஓராண்டு பாடம் நடத்தினார். நிலத்துக்கடியில் என்ன இருக்கிறது, அது மேலே வாழும் மனிதர்களின் வாழ்க்கையை எப்படி மாற்றுகிறது என்பதை அவர் முதன்முதலில் கண்டது அங்கேதான்.

1847இல், 18 வயதில், அவர் ஒரு நடைப்பயணம் புறப்பட்டார். பென்சில்வேனியாவின் கம்பர்லேண்ட் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே நடந்து வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கை அடைந்தார். கிழக்கே புளூ ரிட்ஜ் மலைகள், மேற்கே அலிகேனி மலைகள், இடையில் கோதுமை விளையும் வளமான சமநிலம். அந்த நிலத்தின் அழகு இளைஞரைப் பிடித்துக்கொண்டது. ஆகஸ்டா வட்டாரத்தின் மாஸி கிரீக் என்ற இடத்தில் இரும்பு உலை நடத்திய ஒரு குடும்பம் தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர அவரை அமர்த்திக்கொண்டது. வடக்கே பிறந்தவர் தெற்கில் நிலைத்துவிட்டார்.

சில ஆண்டுகளில் மாஸி கிரீக்கில் ஒரு பள்ளி உருவானது. ஹாட்ச்கிஸ் அதன் தலைமையாசிரியரானார். 1853இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த சேரா என்பவரை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தனர். 1859இல் தம் சகோதரருடன் சேர்ந்து சர்ச்வில் என்ற ஊரில் லாக் வில்லோ என்னும் பள்ளியை நிறுவினார்.

பாடம் நடத்திய நேரம் போக, மிஞ்சிய நேரத்தில் அவர் தமக்குத் தாமே ஒரு கலையைக் கற்றுக்கொண்டிருந்தார். அதுதான் வரைபடக் கலை. மலைகளில் சுற்றினார். பாறைகளையும் செடிகளையும் கவனித்தார். கண்டதைத் தாளில் வரைந்து பழகினார். ஆசிரியர் ஒருவரின் பொழுதுபோக்காகவே அது தொடங்கியது. பிற்காலத்தில் அதற்காகவே தாம் நினைவுகூரப்படுவோம் என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

போர் வந்தது

1861இல் அமெரிக்கா இரண்டாகப் பிளந்தது. கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருக்கும் முறையை விட மனமில்லாத தென்மாநிலங்கள் தனி நாடாகப் பிரிந்துகொண்டன. வர்ஜீனியாவும் அவற்றுடன் சேர்ந்தது. அப்போது அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர்.

ஹாட்ச்கிஸ் தாம் குடியேறிய மண்ணின் பக்கமே நின்றார். பள்ளியை மூடிவிட்டு, வரைபடம் வரையும் தம் திறமையைத் தென்படைக்கு அளிக்க முன்வந்தார். எந்தப் பக்கம் நின்றார் என்பதை மறைத்துவிட்டு அவருடைய வாழ்க்கையைச் சொல்வது முறையாகாது. அவருடைய கை நேர்மையானது. ஆனால் அந்தக் கை உழைத்தது மனிதரை மனிதர் விலைக்கு வாங்கும் முறையைக் காக்க நின்ற ஒரு படைக்காக. இந்த இரண்டையும் சேர்த்தே நாம் அவரைப் படிக்க வேண்டும்.

முதல் சோதனை 1861 ஜூலையில் ரிச் மலையில் வந்தது. தென்படை தோற்று, இரவோடு இரவாகப் பின்வாங்க வேண்டியதாயிற்று. இருட்டில் பாதையே இல்லாத மலைச்சரிவு. வழிகாட்ட முன்னால் நடந்தவர் சில நாள்களுக்கு முன் அந்த மலையைச் சுற்றி வரைந்திருந்த ஹாட்ச்கிஸ். அவருடன் சென்ற முன்னணிப் பிரிவு பத்திரமாக வெளியேறியது. பின்னால் வந்தவர்களோ தொடர்பு அறுந்து தங்கிவிட்டார்கள். அவர்களில் பலர் பின்னர் சரணடைந்தனர். மலைநாட்டில் வழி தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்பதை அந்த ஓர் இரவு காட்டிவிட்டது. அதன் பிறகு கடும் காய்ச்சலில் விழுந்த அவர் சில மாதங்கள் வீட்டில் தங்கிவிட்டு, 1862 மார்ச்சில் மீண்டும் படைக்குத் திரும்பினார்.

ஜாக்சன் கேட்ட வரைபடம்

அப்போது பள்ளத்தாக்கில் இருந்த தென்படையின் தளபதி, ஸ்டோன்வால் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட தாமஸ் ஜாக்சன். அவரும் முன்னாள் ஆசிரியர்தான். லெக்சிங்டன் நகரின் இராணுவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1862 மார்ச் 26ஆம் நாள் அவர் ஹாட்ச்கிஸை அழைத்தார். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலிருந்து லெக்சிங்டன் வரை பள்ளத்தாக்கு முழுவதையும் வரைந்து தரும்படியும், தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் உதவும் இடங்கள் எல்லாவற்றையும் அதில் காட்டும்படியும் ஆணையிட்டார்.

அந்தத் தொலைவு 200 கிலோமீட்டருக்கும் அதிகம். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ வரையுள்ள பகுதியை, ஒவ்வோர் ஓடையும் ஒவ்வொரு வீடும் விடுபடாமல் வரையச் சொன்னால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வர்ஜீனியாவுக்கு ஏற்கெனவே ஒரு மாநில வரைபடம் இருந்தது உண்மைதான். ஆனால் அது 1820களில் உருவாகி 1859இல் திருத்தப்பட்டது. ஒரு படை எந்த ஓடையை எங்கே கடக்கலாம் என்று அறிய அது போதாது.

பள்ளத்தாக்கின் அமைப்பே புதிரானது. ஷெனண்டோவா ஆறு தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. ஆகவே அங்குள்ள மக்கள் தெற்கே போவதைப் பள்ளத்தாக்கின் மேலே போவது என்பார்கள். வடக்கே போவது அவர்களுக்குக் கீழே போவது. நடுவில் மாசனட்டன் என்ற மலை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளத்துக்கு நின்று பள்ளத்தாக்கை இரண்டாகப் பிரிக்கிறது. அதன் நடுப்பகுதியில் நியூ மார்க்கெட் என்ற ஊருக்கு அருகே மட்டுமே படைகள் கடக்கத்தக்க கணவாய்ச் சாலை இருந்தது. அந்தக் கணவாயை வைத்திருப்பவர் மலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதை எதிரியால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

எப்படி வரைந்தார்?

ஹாட்ச்கிஸ் கட்டம் போட்ட குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு குதிரையேறினார். வண்ணப் பென்சில்களைச் செருகி வைக்க அந்தக் குறிப்பேட்டின் அட்டையிலேயே இடம் அமைத்திருந்தார். பெரும்பாலான படங்களைக் குதிரையின் மேல் இருந்தபடியே வரைந்தார். கட்டங்கள் தொலைவைக் கணக்கிட உதவின. ஓடைகளுக்கு நீலம், சாலைகளுக்குச் சிவப்பு என்று நிறங்களைப் பிரித்துக்கொண்டார்.

இன்றைய நிலவரைபடத்தில் மலையின் உயரத்தைச் சம உயரக் கோடுகளால் காட்டுகிறார்கள். ஒரு கோட்டின் மேல் உள்ள எல்லாப் புள்ளிகளும் கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும். அதற்கு ஒவ்வோர் இடத்தின் உயரத்தையும் துல்லியமாக அளந்திருக்க வேண்டும். போருக்கு நடுவில் அதற்கு நேரம் ஏது? ஆகவே ஹாட்ச்கிஸ் பழைய முறையைப் பின்பற்றினார். சரிவு இறங்கும் திசையில் சிறு சிறு கீற்றுக்கோடுகளை இழுத்தார். கீற்றுகள் அடர்ந்திருந்தால் சரிவு செங்குத்து. விலகியிருந்தால் சரிவு மெல்லியது. உயரம் எத்தனை அடி என்பதை அந்தக் கீற்றுகள் சொல்லமாட்டா. ஆனால் பீரங்கி வண்டி ஏறுமா, ஏறாதா என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடும்.

மலையோடும் ஆற்றோடும் அவர் நின்றுவிடவில்லை. மாவு ஆலை, தேவாலயம், பள்ளிக்கூடம், இரும்பு உலை, ஆற்றைக் கடக்கும் துறை ஆகியவற்றைக் குறித்தார். ஒதுங்கி நின்ற பண்ணை வீட்டின் பக்கத்தில் அந்த வீட்டுக்காரரின் பெயரையும் எழுதினார். எழுதப்பட்டது வீட்டு உரிமையாளரின் பெயர்தான். அந்த வயல்களில் கூலியின்றி உழைத்த அடிமைகளுக்கு அப்படி ஒரு பெயர்ப்பலகை கிடைக்கவில்லை. ஒரு வரைபடம் எதைக் காட்டுகிறது என்பதோடு எதைக் காட்டாமல் விடுகிறது என்பதையும் படிக்கப் பழகுங்கள்.

முழுப் பள்ளத்தாக்கின் பெரிய வரைபடம் உடனே முடிந்துவிடவில்லை. போரின் ஊடே அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. அதுவரை அன்றன்றைய தேவைக்கு அவர் வரைந்து தந்த சிறிய படங்களே ஜாக்சனுக்குக் கண்ணாக இருந்தன.

படமும் போரும்

1862 மே மாதம் மெக்டவல் என்ற மலைச் சிற்றூரில் நடந்த சண்டைக்குப் பின், மேற்கிலிருந்த வடபடை பள்ளத்தாக்கில் இருந்த மற்றொரு வடபடையோடு சேர்ந்துவிடக் கூடாது என்று ஜாக்சன் கருதினார். ஹாட்ச்கிஸ் ஒரு சிறிய குதிரைப் படையுடன் சென்று, மலைகளைக் கடக்கும் வழிகளில் மரங்களை வெட்டிச் சாய்த்து அடைத்தார். எந்த வழியை அடைத்தால் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வசந்த காலத்தில் ஏறக்குறைய 17,000 பேர் கொண்ட ஜாக்சனின் படை 48 நாள்களில் 1,000 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, தன்னைவிட எண்ணிக்கையில் மிகப் பெரிய வடபடைகளைத் திணறடித்தது. போர்க் கலையைப் பயில்வோர் இன்றும் படிக்கும் நிகழ்வு அது. வீரர்களின் கால்கள் நடந்தன. எங்கே நடக்க வேண்டும் என்பதைச் சொன்னது ஓர் ஆசிரியரின் குறிப்பேடு.

1863 மே மாதம் சான்சலர்ஸ்வில் போரிலும் அவர் பங்கு பெரியது. எதிரியின் பக்கவாட்டுக்குச் சுற்றிப் போக வழி உண்டா என்று இரவோடு இரவாக விசாரித்து வரும்படி அவர் அனுப்பப்பட்டார். அந்த வட்டாரத்தில் இரும்பு உலை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டறிந்து, காட்டு வழியைத் தாளில் வரைந்து கொண்டுவந்தார். மறுநாள் ஜாக்சனின் படை அந்த வழியே நடந்து மாலையில் எதிரியைத் தாக்கி வென்றது. ஆனால் அன்றிரவே, இருட்டில் அடையாளம் தெரியாமல், ஜாக்சனைச் சொந்தப் படையினரே சுட்டுவிட்டார்கள். மே 10ஆம் நாள் அவர் இறந்தார். ஹாட்ச்கிஸுடன் ஒரே கூடாரத்தில் தங்கிய பொறியாளர் பாஸ்வெல்லும் அதே இரவில் கொல்லப்பட்டார். நண்பரின் உடலைத் தேடிக் கண்டெடுத்து அடக்கம் செய்தவர் ஹாட்ச்கிஸ். வழி காட்டியவர் அந்த வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது.

எரிந்த பள்ளத்தாக்கு

1864 இலையுதிர் காலத்தில் வடபடைத் தளபதி ஷெரிடன் பள்ளத்தாக்குக்கு வந்தார். தென்படைக்கு உணவளித்தது இந்த மண்தான் என்பதால் அதை வெறுமையாக்க முடிவு செய்யப்பட்டது. 2,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்களையும் 70க்கும் மேற்பட்ட மாவு ஆலைகளையும் அழித்ததாக ஷெரிடன் தம் அறிக்கையில் தெரிவித்தார். ஹாட்ச்கிஸ் இளம் வயதிலிருந்து அறிந்திருந்த ஊர்கள் அவை. அவர் புள்ளி வைத்துக் குறித்த ஆலைகளும் பண்ணைகளும் புகையாயின.

அதே அக்டோபரில் அவரும் தளபதி கார்டனும் மாசனட்டன் மலையுச்சியில் ஏறி, கீழே பரந்து கிடந்த வடபடை முகாமைக் கண்டார்கள். மலையடிவாரத்துக்கும் ஆற்றுக்கும் இடையே நுழைந்து செல்ல வழி உண்டு என்று அறிந்தார்கள். அதன்படி அக்டோபர் 19ஆம் நாள் விடியுமுன் சீடார் கிரீக்கில் தென்படை தாக்கியது. காலையில் கிடைத்த வெற்றி பிற்பகலில் தோல்வியாக மாறியது. பள்ளத்தாக்கில் தென்படையின் வலிமை அத்துடன் ஒடிந்தது. அடுத்த ஆண்டு போர் முடிந்தது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. எவ்வளவு சிறந்த வரைபடமும் ஒரு தவறான நோக்கத்தைக் காப்பாற்றிவிட முடியவில்லை.

மீண்டும் பள்ளி, மீண்டும் மலை

போருக்குப் பின் ஹாட்ச்கிஸ் ஸ்டான்டன் நகரில் குடியேறி மீண்டும் பாடம் நடத்தினார். பிறகு பொறியியல், நில அளவை அலுவலகம் ஒன்றைத் திறந்தார். தம் போர்க்கால வரைபடங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். அன்று எதிரியாயிருந்த அரசு பிற்காலத்தில் போர் ஆவணங்களுக்கான பெரிய வரைபடத் தொகுப்பை வெளியிட்டபோது, தென்தரப்பு வரைபடங்களில் ஏறக்குறைய பாதி அவர் கையால் ஆனவையாக இருந்தன.

இப்போது அவர் பார்வை நிலத்துக்கு அடியில் சென்றது. 1876இல் வர்ஜீனியாவின் நிலவியலையும் வளங்களையும் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். 1880 முதல் 1885 வரை 'தி வர்ஜீனியாஸ்' என்ற மாத இதழை நடத்தினார். எந்த மலையில் இரும்பு, எங்கே நிலக்கரி, எங்கே இருப்புப்பாதை வேண்டும் என்று ஓயாமல் எழுதினார். 1873இல் அவர் அனுப்பிய அளவையாளர் ஒருவர், தென்மேற்கு வர்ஜீனியாவின் ஃப்ளாட் டாப் மலைப்பகுதியில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் தடிமன் கொண்ட நிலக்கரிப் படுகையை ஆய்ந்து சொன்னார். பத்தாண்டுகளில் அங்கே இருப்புப்பாதை வந்தது. பொகாஹோன்டாஸ் என்ற சுரங்க நகரம் எழுந்தது.

வேலை வந்தது, பணம் வந்தது. துயரமும் வந்தது. 1884 மார்ச் 13ஆம் நாள் அந்தச் சுரங்கம் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மடிந்தார்கள். ஒதுங்கிக் கிடந்த ஒரு பள்ளத்தாக்கு வரைபடத்தில் ஏறினால் அது பழைய பள்ளத்தாக்காகவே இருந்துவிடுவதில்லை. நல்லவரும் அந்தப் படத்தைப் பார்ப்பார், பேராசைக்காரரும் பார்ப்பார். முதலில் படையும் பின்னர் சுரங்கமும் வந்தது இப்படித்தான்.

1899 ஜனவரி 17ஆம் நாள் ஹாட்ச்கிஸ் ஸ்டான்டனில் காலமானார். அவருக்கு 70 வயது.

இன்று அந்தப் படம்

1948இல் அவருடைய வரைபடத் தொகுப்பை அவர் பேத்தியிடமிருந்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வாங்கியது. அதில் 341 குறிப்பேடுகளும் வரைபடங்களும் உள்ளன. பள்ளத்தாக்கின் அந்தப் பெரிய வரைபடமும் அங்கேதான் இருக்கிறது. மெல்லிய வரைதுணியில் தீட்டப்பட்ட அதன் நீளம் இரண்டரை மீட்டர், அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அளவுத்திட்டம் 1:80,000. அதாவது படத்தில் 1 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 800 மீட்டர்.

இன்று யாரும் அதை விரித்துப் போருக்குத் திட்டமிடுவதில்லை. எரிந்துபோன ஆலை எங்கே நின்றது, ஓடைக்கரையில் இருந்த பள்ளிக்கூடம் எது, தம் பாட்டனாரின் பாட்டனார் எந்த மலைச்சரிவில் வீடு கட்டியிருந்தார் என்று தேடுபவர்களே அதைப் பார்க்கிறார்கள். அழிக்கும் வேலைக்காக வரையப்பட்ட படம், அழிந்தவற்றின் சாட்சியாக நிற்கிறது.

மாணவர்களே, ஒரு கட்டத் தாளும் மூன்று வண்ணப் பென்சில்களும் உங்களிடம் இருக்கும். இந்த வார விடுமுறையில் உங்கள் குடியிருப்பைச் சுற்றி நடந்து அதை வரைந்து பாருங்கள். நூறு மீட்டருக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். கால்வாய், கோயில், பள்ளி, கடை, மேடு, பள்ளம் எல்லாவற்றையும் குறியுங்கள். வரைந்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் யாருடைய வீடு விடுபட்டிருக்கிறது? ஹாட்ச்கிஸின் படத்திலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.